மூணாம் நம்பர் பாட்டில்

அக்டோபர் 27, திங்கள்

ஜெரோன் வந்துட்டான். மூணு மாசம் கழிச்சு எம்பிள்ளை பையும் கையுமா வாசல்ல நிக்கதப் பாத்ததும் எனக்கு ஒரு கண்ணு சிரிக்கி, ஒரு கண்ணு அழுவுது. மெலிஞ்சிருக்கான். ஆனா கை நடுக்கம் நின்னுட்டு. முகம் தெளிஞ்சு, கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த மாதிரி இருக்கான். சீலா மீன் குழம்பு வச்சேன். மூணு தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

பாளையங்கோட்டை மறுவாழ்வு மையத்துல டாக்டர் எங்கிட்ட தனியாச் சொன்னாரு. ஈரல் பாதி போயாச்சாம். இனி குடிச்சா அவங்க கையில ஒண்ணும் இல்லையாம். டாக்டர்னா அப்படி பயமுறுத்தத்தான் செய்வாங்க. பயமுறுத்தினாத்தான் கேப்பான்.

சாயங்காலம் மருமக ஆன்சி போன் போட்டா. பிள்ளையத் தூக்கிட்டு மணப்பாட்டுல அவ அம்மா வீட்டுல போயி இருக்கா, வருஷம் ஒண்ணு ஆகப் போவுது. "மாமி, கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்பேன். ஒரு சொட்டு தொடாம இருந்தாங்கன்னா ஜோவியைக் கூட்டிட்டு அங்கயே வந்துருதேன். தொட்டாங்கன்னா இனி என்னைக் கூப்பிடாதீங்க"ன்னா. சரின்னேன். வேற என்ன சொல்ல. எம்பேத்திக்கு அஞ்சு வயசு முடியப் போவுது, என் மடியில உக்காந்து எத்தன நாளாச்சு.

தெருவுல எல்லாருக்கும் அவன் கம்பெனி டிரெய்னிங்குக்குப் பூனே போயிருந்தான்னுதான் சொல்லி வச்சிருக்கேன். நம்பின மாதிரிதான் தெரியுது.

அக்டோபர் 29, புதன்

திராட்சை வாங்கியாச்சு. கம்பம் பன்னீர் திராட்சை, நல்ல கறுப்பு. கிறிஸ்துமஸ் ஒயினுக்கு இப்பவே போட்டாத்தான் சரியா இருக்கும்.

டெல்பின், ஸ்டெல்லா, நான், மூணு பேரும் பள்ளிக்கூடத்துல இருந்தே கூட்டு. வருஷா வருஷம் ஆளுக்கு ஒரு ஜாடி போடுவோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயித்துக்கிழம ஒரு வீட்டுல கூடி, பாட்டில பேப்பர்ல சுத்தி நம்பர் போட்டு, யாரோடதுன்னு தெரியாம குடிச்சுப் பாத்து மார்க் போடுவோம். போன வருஷம் டெல்பின் ஜெயிச்சா. அந்தப் பெருமை இன்னும் அடங்கல. இந்த வருஷம் எங்க வீடு.

ஜெரோன் திராட்சையப் பாத்துட்டு, "இந்த வருஷம் வேண்டாமேம்மா"ன்னான்.

"ஏம்ல?"

"சும்மாத்தான்."

"நான் போடலன்னா அவளுக ரெண்டு பேரும் ஏன் எதுக்குன்னு தோண்டுவாளுக. பூனே கதையெல்லாம் வெளிய வந்துரும்."

"வரட்டுமே."

"உனக்கென்ன, ஈசியாச் சொல்லிட்ட. நான்லா இந்தத் தெருவுல தலை நிமிந்து நடக்கணும்."

அவன் எந்திரிச்சு வெளிய போயிட்டான். எனக்குத்தான் மனசு கேக்கல. இது என்ன சாராயமா? பிராந்தியா? அவன் அப்பா உசுரோட இருந்த வரைக்கும் குடிங்கிறதையே தொடாதவங்க. அவங்களே கேக்கோட ரெண்டு கிளாஸ் ஒயின் குடிப்பாங்க. அதை யாரும் கணக்குல சேக்கிறதில்ல. எங்க வீட்டுல பல் முளைக்காத பிள்ளைக்கும் கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஒரு சொட்டு நாக்குல தொட்டு வைப்போம்.

அக்டோபர் 31, வெள்ளி

ஜாடி போட்டாச்சு. திராட்சை, சீனி, கோதுமை, ஈஸ்ட், பட்டை, கிராம்பு. பிசைஞ்சு முடிக்கதுக்குள்ள வலது தோள் பட்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்கி.

இனி மூணு வாரம் தினமும் காலையில மூடியத் தொறந்து மரக்கரண்டியால ஒரு கிண்டு கிண்டணும். யாரு ஆரம்பிக்கிறாங்களோ அவங்கதான் கடைசி வரைக்கும் கிண்டணும், நடுவுல கை மாறக் கூடாது, இன்னொருத்தர் மூடியத் தொறந்து பாக்கக் கூடாது. மாறினா புளிச்சுரும். எங்க வீட்டு வழக்கம் அது. தோள் இருக்க இருப்புக்கு நான் எங்க கிண்ட. ஜெரோன்கிட்ட குடுத்துட்டேன். சும்மா உக்காந்து சுவத்தப் பாக்கிற பிள்ளைக்கும் ஒரு வேலை ஆச்சு. மையத்துலயும் கைக்கு எதாவது வேலை குடுங்கன்னுதானே சொன்னாங்க.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். ஜெரோன் அப்பா கல்லறையக் கழுவி, மாலை போட்டு, மெழுகுதிரி ஏத்தினோம். காத்துல நிக்கல, ஜெரோன் கையால அணைச்சுப் பிடிச்சுக்கிட்டே ரொம்ப நேரம் நின்னான்.

வரும்போது, "ஜாடியக் கொண்டுபோயி டெல்பின் ஆன்ட்டி வீட்டுல வச்சிருவோமாம்மா?"ன்னான். "ஆமா, அவகிட்ட குடுத்தா அவ ஒயினு எது என் ஒயினு எதுன்னு தெரியாமப் போயிரும், கள்ளி"ன்னேன். சிரிச்சான். சிரிச்சானான்னு இப்ப யோசிச்சாச் சரியாத் தெரியல.

நவம்பர் 5, புதன்

மழை. துணி காயல. ஜாடி நல்லாப் பொங்குது, வீடு பூரா வாசம். ஜெரோன் படுக்கைய மாடிக்கு மாத்திக்கிட்டான். அங்க காத்து நல்லா வருதாம்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிஞ்சு வரும்போது ஸ்டெல்லா கையப் பிடிச்சு ஓரமா இழுத்துட்டுப் போனா. ஆஸ்பத்திரியில நர்சா இருந்து ரிட்டயர் ஆனவ, எதையும் பதமாத்தான் பேசுவா.

"ரெஜி, இந்த வருஷம் உனக்கும் சேத்து நான் போட்டிருக்கேன்ட்டி. உன் ஜாடிய எங்க வீட்டுல கொண்டு வந்து வச்சிரு."

"ஏன், என் கை என்ன அழுகியா போச்சு?"

"தோள் வலிக்கின்னேல்லா, அதான்."

"அதுக்குத்தான் பிள்ளை இருக்கான். அவன்தான் கிண்டுதான்."

அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. "ஜெரோனா?"ன்னு கேட்டா. "ஏன், ஜெரோனுக்குக் கை இல்லையா"ன்னு கேட்டேன். கையை விட்டுட்டுப் போயிட்டா. எனக்குத் தெரியாதா, என் பக்குவத்தத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவு கரிசனம்.

நவம்பர் 14, வெள்ளி

ரெண்டு மூணு நாளா பிள்ளை கலகலன்னு இருக்கான். குளிக்கும்போது பாட்டு. ஒட்டடை அடிச்சான், ஃபேன் துடைச்சான், பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார ரிப்பேர் பண்ணிக் குடுத்தான். ஆன்சிகிட்டயும் ரொம்ப நேரம் போன்ல பேசினான். மாதாவே, உனக்கு ஒரு பெரிய மாலை போடுதேன்.

கடைக்குப் போனவன் ரெண்டு கிலோ பீட்ரூட் வாங்கிட்டு வந்தான். ரத்தம் ஊறும்ல்லா. அவனே வேக வைக்கான். முன்னெல்லாம் தட்டுல பீட்ரூட்டப் பாத்தாலே எழுந்து ஓடுதவன்.

நவம்பர் 21, வெள்ளி

ஒயின் வடிகட்டினோம். ஏழு பாட்டில் வரும்னு பாத்தேன், அஞ்சுதான் வந்துச்சு. இந்த வருஷக் கோதுமை நல்லா குடிச்சுட்டு போல. ஜெரோன்தான் பிழிஞ்சு ஊத்தினான். மாடியில இருட்டா இருக்கும், அங்க வச்சாத்தான் நல்லாத் தெளியும்னு எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிட்டான். நான் மாடிப்படி ஏறி மாசமாச்சு, முட்டு விடாது.

நவம்பர் 30, ஞாயிறு

திருவருகைக் காலம் ஆரம்பிச்சாச்சு. கோவில்ல முதல் மெழுகுதிரி ஏத்தினாங்க. ஆன்சி பேசினா. வீட்டுக்காரர் எப்படி இருக்காங்க மாமின்னு கேட்டா. தங்கமா இருக்கான்னேன். சிரிச்சா. அவ சிரிச்சு எத்தன மாசம் ஆச்சு. "ஜோவிக்குச் சிவப்பு கவுன் எடுத்திருக்கேன் மாமி, அங்க வந்துதான் போடுவேன்னு அழிச்சாட்டியம் பண்ணுதா"ன்னா.

டிசம்பர் 6, சனி

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டா ஆளு அசந்து தூங்குதான். கீழ நின்னு கத்திக் கத்தி என் தொண்டை போச்சு. இறங்கி வந்தவன் கண்ணு சிவந்திருக்கு. உப்புக் காத்து. இந்த ஊரு காத்து யாரைத்தான் விட்டுது.

டிசம்பர் 13, சனி

கேக்குக்கு வச்சிருந்த கிராம்பு டப்பா காலி. பல்வலின்னு மென்னுட்டானாம். டாக்டர்கிட்ட போவோம்னா வேண்டாங்கான்.

கேக்குல போட டப்பாவ நிரப்பி வைக்கணும். ஜன்னல் திரை துவைக்கணும். ஸ்டார் வாங்கணும். ஜோவி படுக்க மெத்தைய வெயில்ல போடணும்.

டிசம்பர் 21, ஞாயிறு

எப்படி எழுதன்னு தெரியல. நடந்தத நடந்த மாதிரி எழுதிருதேன்.

மூணு மணி வாக்குல வாசல்ல ஆட்டோ. பாத்தா ஆன்சி, ஜோவி, ரெண்டு பெட்டி! புதன்கிழம வாரேன்னு சொன்னவ, சொல்லாம கொள்ளாம இன்னைக்கே வந்து நிக்கா. "இருக்க முடியல மாமி"ன்னா. ஜெரோன் பிள்ளையத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு வீட்டச் சுத்திச் சுத்தி வாரான். நான் முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டே நிக்கேன். அந்த ஒரு மணி நேரம் எனக்குப் போதும், அப்படி இருந்துச்சு.

ஜோவிக்கு மக்ரூன் வேணுமாம். அவன் அவளைக் கூட்டிட்டு பேக்கரிக்குப் போனான். அந்த நேரத்துல டெல்பினும் ஸ்டெல்லாவும் வந்தாளுக. டெல்பின் தம்பி கப்பல்ல இருக்கான், அவன் கொண்டு வந்த வெளிநாட்டு ஒயின் ஒண்ணையும் சேத்துக் கொண்டு வந்திருந்தா, போட்டியில அதுவும் இருக்கட்டும்னு.

என் பாட்டில ஜெரோன் காலையிலயே மாடியில இருந்து இறக்கி வச்சிருந்தான். ஆன்சிதான் அடுப்படியில வச்சு நாலு பாட்டிலையும் பேப்பர்ல சுத்தி நம்பர் எழுதினா. எது யாரோடதுன்னு அவளுக்கு மட்டும்தான் தெரியும். சின்னச் சின்ன கண்ணாடி கிளாசு, நிறம் பாக்கப் பின்னால வெள்ளத் தட்டு, நடுவுல ரொட்டித் துண்டு.

ஒண்ணாம் நம்பர் நல்லாத் தெளிஞ்சு, பட்டை வாசத்தோட தேன் மாதிரி இருந்துச்சு. "இது ஸ்டெல்லா. இவளுக்குச் சீனி வியாதி வர்றவரைக்கும் விட மாட்டா"ன்னா டெல்பின். ரெண்டாம் நம்பர் மை மாதிரி கறுப்பு. ஒரு வாய் வச்சதும் நாக்கு பூரா சொரசொரன்னு துவர்த்துட்டு. "வேப்பங்கொழுந்து கஷாயம் இதுக்குத் தேவலாம். இதையா துரைமாரு ஆயிரக்கணக்குல குடுத்துக் குடிக்காங்க?"ன்னு நான் கேட்கவும், டெல்பின் தம்பிக்கு ஒரு வசவு விட்டா. சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் புரை ஏறிட்டு.

அப்புறம் மூணாம் நம்பர். நிறம் என்னமோ நல்லாத்தான் இருந்துச்சு. டெல்பின் ஒரு வாய் குடிச்சா. அந்தச் சிரிப்பு மாறாமலே, "ஏட்டி, இது யாரு போட்டது? பீட்ரூட் அவிச்ச தண்ணியில சீனியக் கலக்கி வச்சிருக்கா!"ன்னா.

ஸ்டெல்லா அவளை ஒரு பார்வை பாத்தா. டெல்பின் சிரிப்பு டக்குனு நின்னுட்டு.

நானும் குடிச்சேன். என் பட்டை, என் கிராம்பு, அடியில எங்கயோ இருக்கு. மேல தண்ணி.

"இந்த வருஷம் திராட்சை சரியில்ல"ன்னு சொன்னேன். யாரும் கேக்காமலே சொன்னேன்.

டெல்பின் திரும்பவும் கிளாச எடுத்தா. முழுசாக் குடிச்சா. "இல்லட்டி ரெஜி, நான் அவசரப்பட்டுட்டேன். நல்லாத்தான் இருக்கு. லைட்டா இருக்கு. நம்ம வயசுக்கு இதுதான் சரி. என் மார்க் இதுக்குத்தான்"ன்னா. நாலாம் நம்பர தொட்டுக்கூடப் பாக்கல, அது அவளோடது. ஸ்டெல்லாவும், "எனக்கும் மூணுதான்"ன்னா.

டெல்பின் பிறந்ததுல இருந்து என் ஒயினை நொட்டை சொல்லாமக் குடிச்சதில்ல. அவ மார்க் போட்ட உடனே எனக்குத் தெரிஞ்சுட்டு, இவளுகளுக்கு எல்லாம் தெரியும்னு. பூனே, டிரெய்னிங், எல்லாம்.

ஆன்சி ஒரு கிளாச எடுத்து மூணாம் நம்பர ஒரு வாய் குடிச்சா. அவ குடிக்கவே மாட்டா. நாக்குல வச்சுப் பாத்துட்டு அப்படியே கீழ வச்சா. அவளுக்கா தெரியாது? ஆறு வருஷம் எத்தன பாட்டில்ல தண்ணியப் பாத்திருப்பா. என்னைப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேட்டா: "மாமி, ஜோவிய எந்த பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க?"

நான் பதில் சொல்லதுக்குள்ள செருப்புப் போடாம ஓடினா.

கொஞ்ச நேரத்துல திரும்பி வந்தாங்க. பிள்ளை ஆன்சி இடுப்புல, வாய் பூரா மக்ரூன். ஜெரோன் பின்னால. மேசையில பேப்பரப் பிரிச்சு வச்ச பாட்டிலப் பாத்தான். எங்களைப் பாத்தான்.

"நான்தாம்மா. குடிச்சுட்டுத் தண்ணி ஊத்தினேன். நிறம் போயிட்டுன்னு பீட்ரூட் தண்ணி ஊத்தினேன்"ன்னான். எல்லார் முன்னாலயும்.

எனக்கு அப்ப வந்த கோவம் அவன் குடிச்சதுக்கு இல்ல. அவளுக முன்னால சொன்னதுக்கு. இத எழுதவே கை கூசுது, ஆனா அதுதான் நிசம்.

டிசம்பர் 22, திங்கள்

ராத்திரி ஆன்சியும் ஜோவியும் ஸ்டெல்லா வீட்டுல படுத்தாங்க. காலையில ஆன்சி மட்டும் வந்தா. ஜெரோன் அடுப்படித் தரையில உக்காந்திருந்தான். எதுத்தாப்புல அவளும் உக்காந்தா. திட்டுவான்னு நினைச்சேன். திட்டல.

"எப்ப இருந்து?"

"கிண்ட ஆரம்பிச்சு நாலஞ்சு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். மாடியில போயிப் படுத்தேன், வாசம் அங்கயும் வந்துச்சு. ஒரு நாள் கரண்டிய நக்கினேன். அப்புறம் நிறுத்த முடியல. வடிகட்டின பிறகு நாலு பாட்டில முடிச்சுட்டேன். அது தீந்ததும் போன வாரம் வெளிய போயும் வாங்கினேன்."

"ஒயின் தானல..."ன்னு என் வாய் தானா ஆரம்பிச்சுட்டு.

ஆன்சி என் பக்கம் திரும்பினா. "மாமி, அவங்க வேண்டாம்னு சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னான்."

"அப்புறம் ஏன் மாமி?"

தெருவுல தலை நிமிந்து நடக்கணும்னு சொல்லவா? கை மாறக் கூடாதுன்னு சொல்லவா? தினமும் காலையில எம்பிள்ளை கையில நான்தான் கரண்டியக் குடுத்தேன். வெறும் வயித்துல இருக்கானேன்னு காப்பி போட்டு வச்சுட்டு, "கிண்டிட்டு வந்து குடில"ன்னு சொல்லி அனுப்பினேன்.

அவனேதான் சொன்னான், திரும்ப மையத்துக்குப் போறேன்னு. கிறிஸ்துமஸ் முடிஞ்சு போலாம்லன்னேன். "இல்லம்மா, நாளைக்கே"ன்னான்.

"இப்பவாவது அவங்களாக் கேட்டுப் போறாங்க. அதுக்காக நான் கூட வருவேன்"ன்னா ஆன்சி. என்கிட்ட சொல்லல, அவன்கிட்டதான் சொன்னா.

டிசம்பர் 23, செவ்வாய்

பாளையங்கோட்டைக்கு மூணு பேரும் பஸ்ல போனோம். நான் அவனுக்குச் சட்டை, துண்டு, எண்ணெய், கொஞ்சம் முறுக்கு எல்லாம் கட்டி எடுத்துட்டுப் போனேன்.

டாக்டர் ரத்தம் எடுத்தாரு. தலைய மட்டும் ஆட்டினாரு. அப்புறம் ஆபீஸ்ல கவுன்சிலர் தம்பி கேள்வி கேட்டுக்கிட்டே வந்தாரு. பாக்க யாரு வருவாங்கன்னு கேட்டதுக்கு, "என் வொய்ஃப் ஆன்சி"ன்னான். அடுத்து, "இவங்க வந்தா உள்ள விடாதீங்கன்னு யாராவது இருக்காங்களா? பழைய கூட்டாளிங்க, அந்த மாதிரி?"ன்னு கேட்டாரு. அவன் வேல பாத்த கன்டெய்னர் யார்டுல நாலு தறுதலை உண்டு, அவனுக பேரச் சொல்லுவான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.

"எங்க அம்மா"ன்னான்.

சத்தமாச் சொல்லல. கோவமாவும் சொல்லல.

அந்தத் தம்பிக்கே தர்மசங்கடமாப் போயிட்டு. "இவங்களா?"ன்னு என்னைக் காட்டிக் கேட்டாரு. "ஆமா சார். நான் சொல்லுத வரைக்கும்"ன்னான்.

"ஏம்ல ஜெரோன்? நான் உன்னப் பெத்தவ, எங்கிட்ட என்னல"ன்னேன். அழக் கூடாதுன்னு இருந்தேன், முடியல.

அவன் என் பக்கத்துல வந்து குனிஞ்சு உக்காந்தான். "நீ வந்தா என் முகத்தப் பாத்துட்டு, உனக்கு ஒண்ணும் இல்லல, நல்லாத்தான் இருக்கன்னு சொல்லுவம்மா. நீ சொன்னா நான் நம்பிருவேன். நம்பினா அன்னைக்கே எந்திரிச்சு வந்துருவேன்"ன்னான்.

முறுக்கு உள்ள கொண்டு போகக் கூடாதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க.

டிசம்பர் 25, வியாழன்

டெல்பினும் ஸ்டெல்லாவும் வந்தாளுக. எப்ப இருந்துட்டி தெரியும்னு கேட்டேன். "பூனேக்குப் போனான்னு சொன்னேல்லா, அன்னைக்கே"ன்னா டெல்பின். "அப்புறம் ஏன்ட்டி எங்கிட்ட கேக்கல?"ன்னேன். "நீ கேக்க விட்டியா?"ன்னு சொல்லிட்டு அவளும் அழுதா. ஸ்டெல்லா சோறு வடிச்சுப் பெசஞ்சு ஊட்டி விட்டா, பச்சப்பிள்ளைக்கு மாதிரி. ரெண்டு வாய் தின்னேன்.

ஜனவரி 4, ஞாயிறு

பூசைக்குப் போனேன். தெருவுல எதுக்க வந்தவங்க ஜெரோன் எங்கன்னு கேட்டாங்க. குடிய நிறுத்த மையத்துல இருக்கான்னு சொன்னேன். நல்லாயிருவான், கவலப்படாதீங்கன்னாங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் நடக்கல.

ஜனவரி 18, ஞாயிறு

ஆன்சி இன்னைக்கு மையத்துக்குப் போயிட்டு அங்க இருந்தே போன் போட்டா. ஈரலுக்கு ஊசி போடுதாங்களாம். வயித்து வீக்கம் கொஞ்சம் வடிஞ்சிருக்காம். வீக்கம் இருந்ததே எனக்கு இப்பத்தான் தெரியும். ஜோவிய முதல் தடவயாக் கூட்டிட்டுப் போனாளாம். அப்பாவும் பிள்ளையும் வேப்ப மரத்தடியில உக்காந்து ரொம்ப நேரம் கதை பேசினாங்களாம். என்ன சட்டை போட்டிருந்தான்னு கேட்டேன், நீலக் கட்டம்னா. தூங்குதானான்னு கேட்டேன், தூங்குதாங்கன்னா. ஒவ்வொண்ணா எல்லாம் கேட்டு முடிச்சேன்.

கடைசியா, "என்னையப் பத்தி எதும் கேட்டானா?"ன்னு கேட்டேன்.

பின்னால பஸ் ஹாரன் கேக்கி. அப்புறம், "அங்க சாப்பாடு நல்லா இருக்காம் மாமி"ன்னா.